நயினார் மகளுக்கு வந்த சுருள்பட்டை

கிள்ளிப்பாலத்துக்கும் பாறசாலைக்கும் இடையில் ரத்னாபாயின் பேறுகால மருந்தைத் தின்னாமல் எழுந்து நடமாடிய பெண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் நடையாய் நடக்க வேண்டும். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்குள் யாராவது ஒருத்தி கிள்ளிப்பாலத்துக்கு வந்து அவள் கதவைத் தட்டியிருப்பாள். "மாமி, மகளுக்குப் பெண்பிள்ளையாக்கும். மருந்து வேணும்" என்று நிற்பாள்.

ரத்னாபாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். வந்தவளை நாலு வார்த்தை ஏசாமல் உள்ளே விடமாட்டாள். "ஆசுபத்திரியில கை நெறைய மாத்திரை தந்து விட்டிருப்பாவளே, பின்னே நான் எதுக்கு?" என்பாள். ஏசிக்கொண்டே காப்பி போட்டுக் கொடுத்து, பெற்றவளுக்கு உதிரம் எப்படிப் போகிறது, வயிறு பொருமுகிறதா, பால் இறங்கிற்றா என்று ஒவ்வொன்றாய்க் கேட்பாள். அவளுக்கு இது பிழைப்பு இல்லை. புருஷன் ராஜையன் அரசு பஸ் ஓட்டிக் கொண்டுவந்த சம்பளத்தில் குடும்பம் நடந்தது. சாமான் செலவைக் கொடுத்தால் போதும். ஆனால் மருந்து தின்று எழுந்தவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டாவிட்டால் மட்டும் பொல்லாத கோபம் வரும். ரத்னாபாய் கைமருந்தை நம்பித் தின்னலாம் என்று நாலு பேர் சொல்லுகிறார்களே, அந்தப் பேருக்காகத்தான் அவள் உயிரை விடுவாள்.

மருந்தில் சுக்கு உண்டு, ஓமம் உண்டு, சீரகம், கிராம்பு, சாதிக்காய், கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் உண்டு. தலையான சரக்கு என்னவோ கறுவாப்பட்டைதான். வயிற்றில் வாயு கட்டினால் அதை அவிழ்க்கும், பசியைக் கிளப்பும், உதிரப்போக்கு அதிகமானால் கட்டுக்குள் கொண்டுவரும் என்பது அவளுடைய அம்மா வழி நம்பிக்கை. வீட்டில் மற்றச் சின்னச் சின்னச் சீக்குக்கும் பட்டைதான். பல்வலி என்றால் ஒரு துண்டைக் கடைவாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வாள். இருமலுக்குத் தேனில் குழைத்துக் கொடுப்பாள். தலைவலிக்கு உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவாள். ராஜையனுக்கு ஓசிச் சாப்பாட்டில் வயிறு போனால், பட்டை போட்டுக் கொதித்த தண்ணீரோடு ஏச்சும் கிடைக்கும்.

பட்டை என்றால் எல்லாப் பட்டையும் இல்லை. அவள் அம்மா சொல்லிக் கொடுத்ததில் முதல் பாடமே அதுதான். நல்ல கறுவா பிறந்த இடம் இலங்கை. அங்கே மழை பெய்து ஓய்ந்ததும் இளங்கம்புகளை வெட்டுவார்கள். மேல்தோலைச் சுரண்டிப்போட்டு, பித்தளைக் கம்பியால் தேய்த்து உள்பட்டையை இளக்கி, காகிதம்போல் உரித்தெடுப்பார்கள். உரித்ததை ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்து நிழலில் உலர்த்தினால் சுருட்டுப்போலச் சுருண்டுகொள்ளும். அதுதான் சுருள்பட்டை. விரலால் அழுத்தினாலே நொறுங்கும், நாக்கில் வைத்தால் மெல்ல இனிக்கும். இன்னொன்று சீனத்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும் சாக்குச் சாக்காய் வந்து இறங்குகிற தடிப்பட்டை. ஒற்றை மடிப்பு, அடுப்பில் வைக்கிற சிராய்போல உறுதி. மணம் மூக்கைத் துளைக்கும், முதலில் இனித்துப் பிறகு நாக்கைச் சுடும், கொதித்தால் வழவழவென்று கொழகொழக்கும். பிரியாணிக்குப் போட்டால் குற்றமில்லை. பெற்ற உடம்பு நாள்கணக்காகத் தின்றால் சூடு ஏறும், ஈரலுக்கும் ஆகாது என்பார்கள். ஆற்றுக்கால் பொங்கலுக்குத் தெரளிக் கொழுக்கட்டை அவிக்கிறார்களே, அதைப் பொதிகிற வழணை இலை மரம்கூடக் கறுவாவுக்குத் தாயாதிதான். அதன் பட்டையைக்கூட ரத்னாபாயின் அம்மா மருந்தில் சேர்த்ததில்லை.

சுருள்பட்டை கிடைத்தது நயினார் கடையில். சாலைக் கம்போளச் சந்தையில் அங்காடிமருந்துக் கடை, அதாவது நம் நாட்டுமருந்துக் கடை. நயினார் தென்காசிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் கடைவேலைக்கு வந்து, அதே கடையைச் சொந்தமாக்கிக்கொண்டவர். வாய் சர்க்கரை. ரத்னாபாயை முதல்நாளே "எக்கா" என்று கூப்பிட்டவர், பிறகு பெயர் சொன்னதே இல்லை. பட்டையைக் கொடுக்கும்போது கதையும் கொடுப்பார். "எக்கா, கேளுங்க. அந்தக் காலத்துல அரபிக் கச்சவடக்காரன் வெள்ளைக்காரன்கிட்ட என்ன சொல்லி இத வித்தான் தெரியுமா? ஏதோ பெரிய பட்சி கூடுகட்ட எங்கிருந்தோ தூக்கியாருது, உசிரக் குடுத்து நாங்க எடுத்துட்டு வாரோம்னு சொல்லியிருக்கான். இலங்கைல மரத்துல உரிச்ச சரக்க! வெள்ளைக்காரனும் வாயப் பொளந்துக்கிட்டு வாங்கியிருக்கான்!" என்று சிரிப்பார். ரத்னாபாயும் விழுந்து விழுந்து சிரிப்பாள். வியாபாரம் செய்கிற கச்சவடக்காரன் கதை கட்டுவான் என்று கச்சவடக்காரனே சொன்னபோதுகூட, பாவி மகளுக்கு உறைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நயினார் குடும்பம் கிள்ளிப்பாலத்தில் சாப்பிடும். தீபாவளிக்கு ரத்னாபாய் வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் ஆரியசாலையில் இருக்கிற நயினார் வீட்டிலிருந்து வரும். அவள் மகன் கல்யாணத்தில் பந்தியை நின்று கவனித்தவர் நயினார். உடன்பிறந்த தம்பி இல்லாத குறை தீர்ந்தது என்று சபையில் எழுந்து சாட்சி சொல்லாததுதான் பாக்கி.

தொண்ணூற்றாறில் மழைக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து ரத்னாபாயின் வலது தோள் இறங்கிவிட்டது. எலும்பு சேர்ந்தது, பலம் சேரவில்லை. அதுவரை பட்டையை அவளே உரலில் இடித்து வெள்ளைத்துணியில் சலிப்பாள். இப்போது உலக்கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினாலே கண்ணில் நீர் முட்டியது. பார்க்க வந்த நயினார் பதறிப்போனார். "எதுக்குக்கா இந்தப் பாடு? எங்கிட்ட மிஷின் இருக்குல்லா. கழுவித் தொடச்சு உங்க பட்டைய மட்டும் தனியா அரைச்சு அனுப்புதேன். நீங்க மத்ததப் பாருங்க."

"தம்பி, இது மருந்துக்காக்கும். மசாலாவுக்கு இல்லே" என்றாள் ரத்னாபாய்.

"எக்கா, உங்க மருந்துல நான் தடிப்பட்டையப் போட்டா எங்கையி வெளங்குமா?"

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அன்றுமுதல் பட்டை பொடியாகத்தான் வந்தது.

இங்கே அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெற்றவளுக்கென்று கிண்டுகிற மருந்தும் அதில் சேருகிற சரக்கும் அவள் வாயில் படுவதற்குமுன் வேறு யார் வாயிலும் படக்கூடாது. உப்புப் பார்ப்பதுபோல ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்ப்பதுகூடத் தப்பு. ரத்னாபாய் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள், சகுனம் பார்க்கிறவர்களைக் கேலி பேசுகிறவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அம்மா சொன்ன சொல்லைத் தாண்டமாட்டாள். மருந்துக்கென்று வந்த பொடியை வீட்டு இருமலுக்குக்கூடத் தொடமாட்டாள். பட்டை சுருளாக வந்தவரைக்கும் ஆபத்தில்லை, கண்ணே சொல்லிவிடும். பொடியாகிவிட்டால் நாக்கு ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியை அவள் கூப்பிடவே இல்லை.

மூக்கு இருந்ததே என்று கேட்பீர்கள். மூக்கு அவளை இன்னும் மோசமாக ஏமாற்றியது. புதுப்பொடியின் டப்பாவைத் திறந்தபோது வீடெல்லாம் மணத்தது. "தம்பி, இந்தத் தடவ நல்ல மணமுள்ள சரக்கு, கேட்டீங்களா!" என்று கடைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மருந்து முன்னைவிடச் சீக்கிரம் இறுகி, கரண்டியில் வழவழப்பாய் ஒட்டியது. இப்போது வருகிற கருப்பட்டி அப்படி என்று நினைத்துக்கொண்டாள். தின்ற பெண்கள் ஒன்றிரண்டு பேர் நெஞ்சு எரிகிறது என்றார்கள். பச்சை உடம்பில் காரம் தின்றிருப்பீர்கள் என்று அவர்களையே ஏசி அனுப்பினாள். ஏழு வருஷம் இப்படியே ஓடியது.

இரண்டாயிரத்து மூன்றில் நயினாரின் ஒரே மகள் பிரேமாவுக்குத் தலைப்பிரசவம். ஆண்பிள்ளை. பிரேமாவைப் பாவாடை கட்டின வயதிலிருந்து ரத்னாபாய்க்குத் தெரியும். யாரும் வந்து கேட்பதற்குமுன் அவளே சுக்கையும் ஓமத்தையும் வறுத்துவைத்துவிட்டாள். மத்தியானம் நயினாரின் மனைவி மாடம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பித்தளைத் தூக்கு. மாடம்மாள் சூதுவாது தெரியாதவள். உட்கார்ந்ததும் பேரனின் மூக்கு யார் மாதிரி, கண் யார் மாதிரி என்று தொடங்கிவிட்டாள். எல்லாம் பேசி முடித்துத் தூக்கைத் திறந்தாள்.

உள்ளே சுருள்பட்டை. பொன்நிறத்தில், பெருவிரல் பருமனில், ஒன்றுபோல நறுக்கி அடுக்கிய முதல்தரமான சுருள்பட்டை. ரத்னாபாய் அப்படிப்பட்ட சரக்கைக் கண்ணால் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"இது எதுக்கு மாடம்மா? பொடி இருக்கே. போன வாரம்தான் கடையிலேருந்து வந்துது."

"எனக்கு என்னக்கா தெரியும்? அவுகதான் குடுத்துவிட்டாவ. ‘நம்ம பிள்ளைக்குக் கடைப்பொடி வேண்டாம், இந்தப் பட்டையப் போடச் சொல்லு, எவ்வளவு நேரமானாலும் அக்கா கையாலயே இடிக்கச் சொல்லு’ன்னாவ. உங்க தோளு வலிக்குமேன்னேன். ஒருநாள்தானேன்னுட்டாவ."

முதலில் ரத்னாபாய்க்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் கைக்கு எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறார் தம்பி என்று மனசு பூரித்தது. மாடம்மாளை ஆட்டோ ஏற்றிவிட்டு உள்ளே வந்து, தூக்கையும் அலமாரியிலிருந்த பொடி டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கடைப்பொடி வேண்டாம். ஏன் வேண்டாம்? கடைப்பொடியும் இதே பட்டைதானே? மிஷினில் அரைத்தால் என்ன, உரலில் இடித்தால் என்ன?

டப்பாவைத் திறந்தாள். அம்மா முகம் மனசில் வந்தது. "மன்னிச்சுக்க அம்மா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். இனித்தது. பிறகு சுருக்கென்று சுட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு, சுருளில் ஒரு துண்டை ஒடித்துக் கடித்தாள். மெல்ல இனித்து, இனித்தபடியே அடங்கியது. சந்தேகத்துக்கு இடமே வேண்டாம் என்று இரண்டு தம்ளரில் வெந்நீர் ஊற்றிப் பொடியை ஒன்றிலும் இடித்த சுருளை இன்னொன்றிலும் போட்டு மூடிவைத்தாள். ஆறியபின் பார்த்தால், கடைப்பொடி கஞ்சிபோலக் கொழகொழத்துக் கிடந்தது.

அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருஷம். மணம் நன்றாயிருக்கிறது என்று அவனிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தாளே, அப்போது அவன் முகம் எப்படி இருந்திருக்கும்? "சந்தோஷம்க்கா" என்று சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. தன் மகன் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன். தன் கையால் பரிமாறின ஆட்டுக்கறியைத் தின்றவன். கூட இருந்தே கழுத்தை அறுத்திருக்கிறானே என்று நெஞ்சு கொதித்தது. நெஞ்செரிகிறது என்று சொன்ன பெண்களை ஏசி அனுப்பினது அடுத்து வந்தது. அதற்குத்தான் அழுதாள்.

வேலை முடிந்து வந்த ராஜையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். "இத வெளியே சொல்லாதே ரத்னா. சொன்னா உனக்குத்தான் கேடு" என்றார். "எனக்கு என்ன கேடு? நானா கலந்தேன்?" என்று அவர்மேல் பாய்ந்தாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அந்தப் பொடியையே போட்டுக் கிண்டி அவன் மகளுக்குக் கொடுத்தால் என்ன? கொடுத்தால் என்ன என்று ஒரு மனசு கேட்டது நிஜம். நானாயிருந்தால் என்ன செய்திருப்பேனோ, எனக்குத் தெரியாது. ஆனால் பிரேமா என்ன பாவம் செய்தாள்? ரத்னாபாய் உரலைக் கழுவிக் கவிழ்த்து உலரவைத்து, சுருள்பட்டையைத் தானே இடித்தாள். பத்து இடி இடிப்பாள், தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், மறுபடி எழுந்து இடிப்பாள். துணியில் சலித்து, கருப்பட்டிப் பாகில் போட்டுக் கிண்டி இறக்கினாள். இத்தனை வருஷத்தில் தான் மறந்தே போயிருந்த பதம் அது. கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதில், நயினார் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்து, மருந்துப் பாத்திரத்தோடு ஆரியசாலைக்குப் போனாள். பிரேமா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் பிள்ளை தூங்கியது. மாடம்மாள் பேரனுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். நயினார் கை கழுவிவிட்டு வந்து, "வாங்கக்கா, வாங்க. அத்தை மருந்து வந்துட்டுல்லா, இனி எங்க பிள்ளை குதிச்சு ஓடிரும்" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

ரத்னாபாய் நெல்லிக்காய் அளவு மருந்தை உருட்டிப் பிரேமாவின் உள்ளங்கையில் வைத்தாள். பிரேமா அதை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"பட்டை கொஞ்சம் கொறஞ்சுது தம்பி" என்றாள் ரத்னாபாய், சாதாரணமாக. "பரவால்லேண்ணு உங்க கடைப்பொடிய ரெண்டு கரண்டி போட்டு நெரப்பிட்டேன்."

நயினார் பாய்ந்துவந்து மகளின் கையைத் தட்டிவிட்டார். மருந்து உருண்டை சுவரில் பட்டுத் தரையில் உருண்டது. பிள்ளை விழித்து வீரிட்டது. தன் கை செய்த காரியத்தைத் தானே பார்த்து நயினார் அப்படியே நின்றுவிட்டார்.

"எதுக்குப்பா தட்டிவிட்டீங்க?" என்றாள் பிரேமா.

"சொல்லு நயினாரே" என்றாள் ரத்னாபாய். தம்பி என்பது போயிற்று, ‘நீங்க’வும் போயிற்று. "உன் கடைப்பொடிதானே? நீ கழுவித் தொடச்சுத் தனியா அரைச்ச பொடிதானே? உன் மகளுக்கு மட்டும் ஆகாதா? எத்தன வீட்டுப் பிள்ளைகளுக்கு என் கையால குடுக்க வெச்சே! அதுகளுக்கெல்லாம் அப்பன் இல்லியா?" பிறகு பிரேமா பக்கம் திரும்பி, "பயப்படாதே மக்களே. சுருள்பட்டைதான், வேற ஒண்ணும் சேக்கல்லே. நான் உங்கப்பன் இல்லே. நீ தின்னு" என்றாள்.

மாடம்மாள் பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள். நயினார் ரத்னாபாயை வாசல்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தி, "எக்கா, ஒரு தடவ தூத்துக்குடியிலேருந்து சரக்கு வரல்ல. அன்னைக்கு மட்டும்னுதான் கலந்தேன். நீங்களே வந்து நல்ல மணம்னு சொன்னிய. ஆருக்கும் ஒண்ணும் ஆவல்ல. அப்புறம் அப்படியே போயிட்டு" என்றார்.

"நான் எல்லார்ட்டயும் போய்ச் சொல்லத்தான் போறேன்."

நயினார் முகத்தில் இருந்த கூச்சம் போய், கல்லாவில் உட்காருகிற முகம் வந்தது. "சொல்லுங்க. மருந்து ஆரு கையால போச்சுன்னுதான் ஊரு கேக்கும். பொறவு உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ரத்னாபாய் முதலில் போனது பாறசாலையில் இருக்கும் எலிசாள் வீட்டுக்கு. அங்கே ரத்னாபாயோடு ஒரே தெருவில் பிறந்து, ஒரே சபைப் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடின சிநேகிதி. எலிசாளின் மகள் ஜினி முதல் பிள்ளைக்கு ரத்னாபாயின் மருந்தைத்தான் தின்றாள். அப்போது நெஞ்செரிகிறது என்று சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது இரண்டாவதுக்கு நிறைமாதம். ரத்னாபாய் எதையும் மறைக்கவில்லை. நயினார் பெயரைச் சொன்னாள், பொடியைச் சொன்னாள், தான் வாயில் வைத்துப் பார்க்காததைச் சொன்னாள். எலிசாளின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "உன் மகளுக்கு நானே வெஷத்தக் குடுத்தது மாதிரி இருக்கு எலிசா. பொறுத்துக்கடீ."

எலிசாள் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழாதே பிள்ளே. அவன் செஞ்ச துரோகத்துக்கு நீ என்ன செய்வே? ஜினிக்கும் நீயே செஞ்சு தா" என்றாள். அந்த ஒரு சொல்லில் ரத்னாபாய்க்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, நாலு கடை அலைந்து, ஒவ்வொரு சுருளாய் ஒடித்துப் பார்த்து வாங்கிவந்தாள். வந்த வழியில் தெரிந்த வீடுகளிலும் இறங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஜினிக்குப் பெண்பிள்ளை பிறந்தது என்று தெரிந்ததும் மறுபடி உரலும் உலக்கையும். ராஜையன் உலக்கையை வாங்கப் பார்த்தார். கொடுக்கவில்லை.

மருந்தை வாங்க எலிசாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. ஜினிக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து, மருந்து ஜாடியைப் பையில் வைத்துக்கொண்டு பாறசாலைக்கே போய்விடலாம் என்று ரத்னாபாய் கிழக்கேகோட்டைக்கு நடந்தாள். பழவங்காடி தாண்டிப் பஸ்கள் நிற்கிற இடத்தில் எலிசாளே எதிரில் வந்தாள். கையில் நயினார் கடைப் பொட்டலம். ரத்னாபாயைக் கண்டதும் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்ன எலிசா இது?"

எலிசாள் சுற்றும்முற்றும் பார்த்தாள். "ஒண்ணுமில்லே. ஜினிக்கு மருந்தாக்கும். இப்ப அந்தக் கடையிலயே பேறுகால மருந்து செஞ்சு வெச்சிருக்காவ."

"அவன் கடையிலயா? நான் உன்கிட்ட அவ்வளவும் சொன்ன பெறகா?"

"நீ சொன்னதும் கேட்டேன். அவரு சொன்னதும் கேட்டேன்" என்றாள் எலிசாள், வருத்தத்தோடுதான். "அவர ஏசிட்டு வரலாமுண்ணுதான் நேரா கடைக்குப் போனேன். அவரு கண்ணு கலங்கிட்டாரு, பாத்துக்க. ‘அந்த அக்காதான் மலிவுப்பொடி போதும்ணு கேட்டு வாங்குனாவ, கூடப்பொறந்த மாதிரி பழகிட்டதுனால நான் வெளிய சொல்லல்ல’ன்னாரு. சுருள்பட்டைய ஜாடியோட எடுத்து எனக்குக் காட்டினாரு. போட்டும் ரத்னா. தப்பு எல்லாரும் செய்வாவ. நீயா எங்க வீடுதேடி வந்து ஒத்துக்கிட்டியே, அது பெரிய காரியமில்லியா? நாங்க யாரும் மனசுல வெச்சுக்கல்லே. சபையிலயும் எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

ரத்னாபாய் அவள் முந்தானையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி வாயைக் கிழித்தாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் ஒரு விரலால் மருந்தை வழித்து நாக்கில் வைத்தாள். சுட்டது. அதே தடிப்பட்டை.

"எலிசா, இதுவும் அதுதாண்டீ. சத்தியமா அதே பொடி. நீயே வாயில வெச்சுப் பாரு."

"சீ, பெத்தவ தின்ன வேண்டியது. எச்சிலாக்கிட்டியே" என்று எலிசாள் பொட்டலத்தை வாங்கி மடித்துப் பைக்குள் போட்டாள்.

"நான் கலக்கல்லே எலிசா. நான் ஒரு தப்பும் செய்யல்லே."

எலிசாள் இப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீ ஒண்ணும் செய்யல்லேண்ணா, பின்னே எதுக்கு ரத்னா என் கையப் பிடிச்சிக்கிட்டு அப்படி அழுதே?"

பாறசாலை பஸ் வந்தது. எலிசாள் ஏறி, ஜன்னல் ஓரம் இடம் காலியாக இருந்தும், உள்பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.